விடுபட்ட விதி

கணினி படித்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில் 'ராஜாராமன் புத்தகம்' என்று சொல்லிப் பாருங்கள். எந்த ராஜாராமன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவருடைய எந்தப் புத்தகம் என்றுதான் கேட்பார்கள். இந்தியாவில் கணினி கற்ற பல தலைமுறைகளுக்கு அப்பெயர் அத்துணை அறிமுகமானது. தமிழ் படித்தவர்களிடையே அதே பெயரைச் சொன்னால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. இத்தனைக்கும் அவர் ஈரோட்டில் பிறந்தவர். 1933 செப்டம்பர் 8 அன்று பிறந்து, 92 அகவை நிறைந்த நிலையில் 2025 நவம்பர் 8 அன்று பெங்களூரில் மறைந்த பேராசிரியர் வைத்தீஸ்வரன் ராஜாராமனைப் பற்றியே இங்கு எழுத முனைகிறோம்.

தமிழாசிரியருக்கு இங்கென்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். எமக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. யாம் வாழ்வது ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டில். பணியாற்றுவது திருத்தணி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில். கற்பிப்பது இலக்கணமும் இலக்கியமும். ஆனால் பி.சி.ஏ. மாணவர்க்கும் முதற்பகுதியில் தமிழ் உண்டு. ஆகவே ஆண்டுதோறும் கணினி மாணவர் எம் வகுப்பில் அமர்ந்து நன்னூல் கேட்கின்றனர். அவர்களுள் ஒருவர் வழியாகவே ராஜாராமனின் நூலொன்று எம் கைக்கு வந்தது. அதில் ஓர் இயலை மட்டும் யாம் பலமுறை படித்தோம். அவ்வியலும், அதை எழுதியவர் தம் வாழ்நாளில் ஆற்றிய பணியும் ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றன என்பது எம் எண்ணம். 'விடுபட்டது எது?' என்பதே அவ்வினா.

முதலில் அவர் வாழ்க்கைப் போக்கைச் சுருக்கமாகக் காண்போம்.

ஈரோட்டில் பிறந்தாலும் அவர் பள்ளிப் படிப்பை முடித்தது தில்லியில், தமிழர்கள் நடத்திய மதராசி கல்விக் கழகப் பள்ளியில். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் 1952-இல் இயற்பியல் சிறப்புப் பட்டம் பெற்றார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் தகவல்தொடர்புப் பொறியியல் பயின்று 1955-இல் பட்டயம் பெற்றார். அங்கேயே ஆய்வைத் தொடர்ந்து, ஒப்புமைக் கணிப்பொறிக்கு வேண்டிய உறுப்புகளைத் தம் கையாலேயே வடிவமைத்து உருவாக்கினார். பின்னர் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1959-இல் முதுநிலைப் பட்டமும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அமெரிக்காவிலேயே தங்கிவிட வாய்ப்பிருந்த காலம் அது. அவரோ 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

அதே 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அங்கே ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்திறங்கியது. ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கான்பூருக்கு உதவிய திட்டத்தின் பயன் அது. அக்காலத்தில் நம் நாட்டிலிருந்த கணிப்பொறிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கான்பூரில் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் தாங்களே நிரல் எழுதி இயக்கக் கற்றார்கள். வெளியூர்களிலிருந்து வரும் ஆசிரியர்க்கும் அறிவியலாளர்க்கும் பொறியாளர்க்கும் பத்து நாள் பயிற்சி வகுப்புகள் நடந்தன. 1965-இல் முதுநிலைப் பொறியியலில் கணினி அறிவியல் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. நாட்டிலேயே முதன்முறையாக இத்துறைக்கு முறையான பாடத்திட்டம் அமைந்தது இங்கேதான். அதை அமைத்ததில் ராஜாராமனின் பங்கு தலையாயது. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி அந்நாளில் கான்பூரில் பயின்ற மாணவர்களுள் ஒருவர்.

வகுப்பு உண்டு, மாணவர் உண்டு, புத்தகம் இல்லை. இருந்தவை அமெரிக்கப் புத்தகங்கள். அவற்றின் விலை மாணவர்க்கு எட்டாதது. எனவே ராஜாராமன் தாமே எழுதத் தொடங்கினார். வகுப்பறைக் குறிப்புகளே நூலாயின. 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' 1969-இல் வெளிவந்தது. எண்சார் கணக்கீட்டு முறைகள், ஃபோர்ட்ரான், சி மொழி, கணினியின் அடிப்படைகள், தகவல் முறைமைகளின் பகுப்பாய்வும் வடிவமைப்பும், இணைக் கணிப்பொறிகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட பாடநூல்களை அவர் எழுதினார். பிரென்டிஸ்-ஹால் இந்தியா நிறுவனத்தின் மலிவுப் பதிப்புகளாக அவை நாடெங்கும் பரவின. காகிதம் மட்டமாக இருக்கும். அட்டை எளிமையாக இருக்கும். ஆனால் ஓர் ஆலைத் தொழிலாளியின் மகனும் வாங்கிவிடலாம். எம் கல்லூரி நூலகத்திலுள்ள படிகளின் முதுகு பிய்ந்து, பசைத்தாள் ஒட்டப்பட்டு, மீண்டும் பிய்ந்திருக்கிறது. ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய விருது கிடைப்பதரிது. அரசும் விருதுகளை அளிக்கத் தவறவில்லை. 1976-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 1998-இல் பத்ம பூஷணும் பெற்றார்.

1982-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மாறி, மீக்கணினிக் கல்வி ஆய்வு மையத்தை 1994 வரை வழிநடத்தினார். அரசின் பல குழுக்களுக்குத் தலைவராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். எண்பதை நெருங்கும் அகவையில் இந்தியக் கணினித் துறையின் 1955 முதல் 2010 வரையிலான வரலாற்றையும் எழுதினார்.

* * *

இனி, எம்மைப் பிடித்துக்கொண்ட அந்த இயலுக்கு வருவோம்.

மென்பொருள் வடிவமைப்பு என்பது நிரல் எழுதுவதற்கு முந்தைய வேலை. வீடு கட்டுமுன் மனைக்குச் சென்று, வீட்டாரிடம் பேசி, வரைபடம் போடுவதை ஒத்தது. ஓர் அலுவலகத்தின் பணியைக் கணினியில் ஏற்ற வேண்டுமாயின், அங்கே எந்தப் படிவம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எழுத்தர் எந்த விதியின்படி முடிவெடுக்கிறார் என்பதையெல்லாம் கேட்டறிந்து எழுத வேண்டும். ராஜாராமன் தகவல் முறைமைகளைப் பற்றி எழுதிய நூல் இக்கலையைத்தான் கற்பிக்கிறது. அதில் வரும் கருவிகளுள் ஒன்று தீர்மான அட்டவணை.

இது அவர் பிறரிடமிருந்து எடுத்துச் சொன்ன செய்தி மட்டுமன்று. அவரே ஆராய்ந்த பொருள். தீர்மான அட்டவணைகளைக் கணினி நிரல்களாக மாற்றும் இரு வழிமுறைகளைப் பற்றி அவரும் சி. ஆர். முத்துக்கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1970-இல் அமெரிக்கக் கணிப்பொறிக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. முத்துக்கிருஷ்ணன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கியவர்.

தீர்மான அட்டவணை என்பது என்ன? தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும் எடுத்துக்காட்டு உடம்படுமெய். நிலைமொழி உயிரில் முடிந்து, வருமொழி உயிரில் தொடங்கினால் இடையே ஒரு மெய் தோன்றும். இ, ஈ, ஐ என்னும் ஈறுகளுக்கு யகரம்: மணி + அழகு, மணியழகு. ஏனைய உயிர்களுக்கு வகரம்: திரு + அருள், திருவருள். ஏகாரத்துக்கு இரண்டும் வரும். இதை மாணவர் மனப்பாடம் செய்வர், தேர்விலும் எழுதிவிடுவர்.

இதையே அட்டவணையாக எழுதிப் பாருங்கள். மேலே வினாக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் விடை ஆம் அல்லது இல்லை. கீழே செய்ய வேண்டிய செயல்களை எழுத வேண்டும். ஆம், இல்லை என்னும் விடைகள் சேரும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நெட்டு வரிசை. அவ்வொவ்வொரு நெட்டு வரிசையும் ஒரு விதி. இரண்டு வினாக்கள் எனில் 4 விதிகள்; மூன்று எனில் 8; நான்கு எனில் 16; ஐந்து எனில் 32. எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாலொழிய அட்டவணை முடிந்ததாகாது.

ஈற்றுயிர் இ, ஈ, ஐ ஆகியவற்றுள் ஒன்றா என்பது முதல் வினா. ஏகாரமா என்பது இரண்டாவது. இவ்விரண்டு வினாக்களோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? 'காசு + இல்லை' என்று கொடுத்தால், இரண்டுக்கும் விடை 'இல்லை'. ஆகவே வகரம் சேர்த்துக் 'காசுவில்லை' என்று கணினி எழுதிவிடும்! மாணவன் சிரித்துக்கொண்டே 'காசில்லை' என்று திருத்திக்கொள்வான். அவன் தாய்மொழியறிவு அவனைக் காக்கிறது. கணினிக்குச் சிரிக்கத் தெரியாது, சொன்னதைச் செய்யும். எனவே, குற்றியலுகரமா என்ற மூன்றாவது வினா வேண்டும். விடை ஆம் எனில், உகரம் கெடும். நின்ற மெய்யின்மேல் உயிர் ஏறும். மூன்று வினாக்களுக்கு 8 சேர்க்கைகள். ஓர் ஈறு ஒரே வேளையில் இகரமாகவும் குற்றியலுகரமாகவும் இருக்கவியலாது என்பதால், அவற்றுள் 4 நிகழவே முடியாதவை. எஞ்சிய 4 விதிகளே நமக்கு வேண்டியவை.

அப்போதும் ஏகாரம் இடறும். சே + அடி என்பது சேவடி. அவனே + அழகன் என்பது அவனேயழகன். ஒரு விடைக்கு இரண்டு செயல்களைக் கொடுத்தால் கணினி எதைத் தேரும்? பெயரின் ஈறா, இடைச்சொல்லா என்று நான்காவது வினா ஒன்றைக் கேட்டாக வேண்டும். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகளால் நிரப்பிய இடத்தை இங்கே வினாவால் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அட்டவணையை எழுதி முடித்தபின் மூன்று குற்றங்கள் உளவா என்று சோதிக்க வேண்டும். யாதேனும் ஒரு சேர்க்கைக்குச் செயல் சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறதா? ஒன்றையே இருமுறை விதித்திருக்கிறோமா? ஒரே நிலைக்கு முரணான இரு செயல்களைச் சொல்லியிருக்கிறோமா? இதைப் படித்தபோது எமக்கு நன்னூலின் பாயிரம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் அங்கே தொகுத்திருக்கிறார். தொல்காப்பிய மரபியலிலும் இத்தகைய பட்டியல் உண்டு. விடுபட்ட விதிக்குக் குன்றக் கூறல் என்று பெயர். இரட்டிப்பான விதிக்குக் கூறியது கூறல் என்று பெயர். முரண்பட்ட விதிக்கு மாறுகொளக் கூறல் என்று பெயர்.

நன்னூலாருக்கு அன்றே கணினி தெரியும் என்று மார்தட்டுவது எம் நோக்கமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சமண முனிவர் ஒருவர் இலக்கண நூல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டுப் பேராசிரியர் ஒருவர் கணினி நூல் எழுதினார். இருவரும் விதி இயற்றுவோர்க்கு வரும் இடர்களை அறிந்திருந்தார்கள். இடர்கள் ஒன்றாதலின் எச்சரிக்கைகளும் ஒத்திருக்கின்றன. அவ்வளவே.

* * *

மூன்று குற்றங்களுள் மிகக் கொடியது எது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குன்றக் கூறல்தான் என்று யாம் சொல்வோம். மற்ற இரண்டும் கண்ணில் பட்டுவிடும். விடுபட்டதோ அதனால் பாதிக்கப்பட்டவர் வந்து நிற்கும்வரை எவர் கண்ணுக்கும் தெரியாது.

எங்கள் ஊரில் அப்படி வந்து நிற்போர் பலர். இங்கே எல்லையின் கதை சற்று விசித்திரமானது. திருத்தணியும் இப்பகுதியும் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வரைபடத்தில் கோடு நகர்ந்தது, உறவுகள் நகரவில்லை. பள்ளிப்பட்டில் வீடு, நகரியில் பாட்டி, புத்தூரில் சம்பந்தி என்பது இங்கே வழக்கமான செய்தி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வருவதும், மேலே ஆந்திரத்து அணை திறந்துவிட்டார்களாம் என்ற பேச்சோடுதான்.

எம் மாணவி ஒருத்தி, விசைத்தறித் தொழிலாளியின் மகள், பி.சி.ஏ. படித்தாள். பத்தாம் வகுப்பு வரை நகரியில் பாட்டி வீட்டில் தங்கித் தெலுங்கு வழியில் படித்தவள், அதற்குப்பின் பள்ளிப்பட்டில். குடும்ப அட்டை தமிழ்நாட்டினது. ராஜாராமனின் நூலை எம்மிடம் கொண்டுவந்து, சில ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் கேட்டவள் அவளே. புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாகத் தெலுங்கில் எழுதி வைத்திருந்தாள். ஆங்கில நூலைத் தெலுங்கில் குறித்து, தமிழில் ஐயம் தீர்த்துக்கொண்ட அந்தப் பிள்ளையை நினைக்கையில் எமக்கு இன்றும் பெருமிதமே தோன்றுகிறது.

அவள் ஓர் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு படித்த பள்ளி எந்த மாவட்டம் என்று படிவம் கேட்டது. பட்டியலில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் மட்டுமே இருந்தன. "ஐயா, நான் எந்த மாவட்டம்னு போடறது?" என்று கேட்டாள். திருவள்ளூர் என்று போட்டால் சான்றிதழோடு முரண்படும். போடாவிட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. உரிய அலுவலகத்துக்கு அவளோடு யாமும் சென்றோம். அங்கிருந்தவர் நல்லவர்தான். கணினியைப் பலமுறை தட்டிப் பார்த்தார். "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது சார். நான் என்ன செய்யட்டும்?" என்றார். தபாலில் கடிதம் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். தனியே பரிசீலிக்கப்படும் என்ற விடை வந்தபோது இறுதி நாள் கடந்துவிட்டிருந்தது. அவ்வாண்டுக் கட்டணத்துக்கு அவள் தந்தை தறி உரிமையாளரிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் என்றால் எங்கள் பகுதியில் என்ன பொருள் என்பது தறிக்காரர் வீட்டார்க்குத் தெரியும். அது தீரும்வரை வேறு தறிக்குப் போகவியலாது. கூலி உயர்வு கேட்கவும் வாய் வராது.

அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் தீயவரல்லர். உதவித்தொகையை மறுக்க வேண்டும் என்று எவரும் முடிவெடுக்கவில்லை. 'வேறு மாநிலத்தில் படித்தவரா?' என்னும் ஒரு வினாவை எவரும் கேட்கவில்லை; அவ்வளவுதான் நடந்தது. பழைய எழுத்தர் காலமாயின், தாளின் ஓரத்தில் 'நகரி, ஆ.பி.' என்று எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். காகிதத்துக்கு ஓரம் உண்டு. திரையில் ஓரமில்லை. ஆகவே, திரைக்கு விதி எழுதுபவர் காகிதத்துக்கு எழுதியவரைக் காட்டிலும் கூடுதலாகக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. எல்லா மென்பொருளிலும் இப்படி எவரேனும் ஒருவர் விடுபட்டிருக்கக்கூடும் என்பதால்தான் ராஜாராமனைப் போன்றோர் கட்டங்களை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றனர்.

* * *

இந்தக் கண்ணோடு பார்க்கும்போது அவர் வாழ்க்கைப் பணி வேறொரு வகையில் துலங்குகிறது.

மென்பொருள் வடிவமைப்பைத் தனிக்கலையாக வளர்த்த அமெரிக்கர்களுள் எட் யூர்டன், லாரி கான்ஸ்டன்டைன், டாம் டிமார்கோ முதலியோர் புகழ்பெற்றவர்கள். 1970-களில் அவர்கள் எழுதிய நூல்களே இத்துறைக்கு அடித்தளம். யூர்டன் 1974-இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கி, பெருநிறுவனங்களுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் வழங்கினார். எழுத்தாளராகவும் ஆலோசகராகவும் ஒருசேர வாழ்வது அங்கே ஒரு தொழிலாகவே அமைந்தது. அது தவறன்று, அங்கே கல்வி கிடைத்தவர் ஏராளம், அவர்களுக்கு மேற்பயிற்சியே தேவைப்பட்டது. இங்கோ முதற்பயிற்சிக்கே வழியில்லை. எனவே ராஜாராமனின் ஆலோசனை பெரும்பாலும் அரசுக் குழுக்களில் கழிந்தது. எழுத்து மாணவர் வாங்கும் விலையில் வந்தது.

அக்குழுக்களுள் ஒன்றின் விளைவு தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் நன்கு தெரிந்தது. 1980-களின் தொடக்கம் வரை கணினி கற்பதற்கு முதன்மையான வழி பொறியியல் கல்லூரிதான். அவ்விடங்கள் மிகக் குறைவு. ஆனால் கலை அறிவியல் கல்லூரிகளில் இயற்பியல், கணிதம், வணிகவியல் படித்துப் பட்டம் பெற்றோர் பல்லாயிரவர். கணினியை அலுவலகங்களுக்குப் பயன்படுத்துவதற்குப் பொறியாளராகத்தான் இருக்க வேண்டுமா? இவ்வினாவைக் கேட்டு, பட்டதாரிகளுக்கென மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது ராஜாராமன் தலைமையிலான மனிதவளக் குழு. அதுவே எம்.சி.ஏ. அட்டவணையில் விடுபட்டிருந்த ஒரு பெருங்கூட்டத்துக்குப் புதிதாக ஒரு விதி எழுதப்பட்டது என்று யாம் இதைச் சொல்வோம். 2020-இல் அப்படிப்பு ஈராண்டாகச் சுருக்கப்பட்டாலும், அதன் வாசல் இன்றும் திறந்தே இருக்கிறது. பொறியியல் இடம் கிடைக்காத, அல்லது கட்டணம் கட்ட இயலாத எத்தனையோ பிள்ளைகள் அவ்வாசல் வழியாகவே சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். பொதட்டூர்பேட்டையிலும் அத்திமாஞ்சேரிப்பேட்டையிலும் தறிச் சத்தத்தினூடே வளர்ந்தோரும் அவர்களுள் உண்டு.

1992-இல் யூர்டன் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க நிரலாளரின் வீழ்ச்சியைப் பற்றியது அது. குறைந்த செலவில் மென்பொருள் ஆக்கும் இந்தியா போன்ற நாடுகளிடம் அமெரிக்கர் வேலையிழப்பர் என்பது அதன் எச்சரிக்கை. அவர் அஞ்சிய அந்தக் கைகள் ஒரே நாளில் முளைத்தவையல்ல. கான்பூரின் பத்து நாள் வகுப்பிலிருந்தும், மலிவுப் பதிப்புப் பாடநூலிலிருந்தும், எம்.சி.ஏ. பாடத்திட்டத்திலிருந்தும் இருபது முப்பது ஆண்டுகளாக வளர்ந்தவை அவை.

* * *

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யாமே குன்றக் கூறியவராவோம்.

ராஜாராமன் எழுதியவை ஆங்கில நூல்கள். நாடு முழுமைக்கும் எழுதியவர் வேறெப்படி எழுதியிருக்கவியலும்? அவர் கடன் அத்துடன் முடிந்தது. அதற்குமேல் உள்ளது எம் போன்றோர் கடன். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியின் கணினி அறிவியல் பாடநூல் தமிழில் இருக்கிறது. அதைப் படித்துத் தேறிய பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்ததும் எல்லாம் ஆங்கிலமாகிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோதும், எடுத்துக்கொண்டவை கட்டடவியலும் இயந்திரவியலும்தாம். இந்திய மொழிகளில் பொறியியல் கற்பிக்க 2021-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இசைவளித்தது. இசைவு கிடைத்துவிட்டது; கையில் எடுத்துப் படிக்கத்தக்க நூல்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. கணினி நிரலின் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் 'இந்த அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன வேண்டும்' என்று கேட்டறியும் வடிவமைப்புக் கலைக்கு அவ்வலுவலகத்தின் மொழி தேவை. பள்ளிப்பட்டின் நெசவாளரிடம் ஆங்கிலத்தில் வினவி எந்த அட்டவணையையும் நிரப்பவியலாது.

தமிழில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கூறுவதும் எங்கள் ஊரில் பொருந்தாது. ஓரத்தில் தெலுங்கில் குறித்துக்கொண்ட அம்மாணவிக்குத் தமிழ் நூல் மட்டும் போதுமா? அவளுக்கும் ஒரு விதி வேண்டும். எல்லையோரத்து ஆசிரியர்க்கு இரு மொழியும் தெரிந்திருப்பதும், கலைச்சொல்லைத் திணிக்காமல் எடுத்துக்காட்டால் விளக்குவதும் இன்றியமையாதவை என்பது இதனால் யாம் கற்றது.

கடந்த இரண்டு ஆண்டுகளாக எம் வகுப்பில் ஒரு சிறு முயற்சி நடக்கிறது. புணரியல் நடத்தும்போது பி.சி.ஏ. மாணவர்கள் ஒவ்வொரு நூற்பாவையும் தீர்மான அட்டவணையாக மாற்றி எழுதுகிறார்கள். முதலில் அதை வேடிக்கையாகக் கொண்டார்கள். பின்னர், வல்லினம் மிகும் இடங்களை அட்டவணையில் அடைக்க முயன்று, வினாக்கள் பெருகப் பெருகக் கரும்பலகை போதாமல், இலக்கணம் எத்தனை செறிவானது என்று தாமே கண்டார்கள். அடுத்ததாக, ஊருக்குள் சென்று ஓர் உண்மை விதியை அட்டவணையாக்கச் சொன்னோம். ஒருவன் நியாயவிலைக் கடையைத் தேர்ந்தான். ஒருத்தி தறிக்கூலிக் கணக்கை எடுத்துக்கொண்டாள். சேலைக்கு ஒரு கூலி, லுங்கிக்கு ஒரு கூலி, பாவு அறுந்தால் பிடித்தம், மின்வெட்டு நாளில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். மின்வெட்டு நாளுக்கு விதியே இல்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். அதுவரை அது உரிமையாளரின் அன்றைய மனநிலையைப் பொறுத்திருந்தது.

இவ்வட்டவணைகளைத் தொகுத்து, தமிழில் விளக்கமும் தெலுங்கில் சொற்குறிப்பும் சேர்த்து, நகலெடுக்கும் செலவுக்கு மேல் விலை வைக்காமல் ஒரு சிறு நூலாக்க எண்ணியிருக்கிறோம். கணினித் துறை நண்பர் ஒருவர் பிழை பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ராஜாராமன் இந்திய அறிவியல் கழகத்தின் சார்பில் முறைமைப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் பற்றி இணையவழிப் பாடமாகவே ஒன்றை அமைத்துக் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்திருக்கிறார். மாணவர்கள் அதையும் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். நூல் முற்றுப்பெற இன்னும் ஓராண்டாகலாம். தறிக்கூலி அட்டவணை எழுதிய மாணவி, தன் பகுதியில் 32 கட்டங்களுள் 3 கட்டங்கள் இன்னும் நிரம்பவில்லை என்றும், அவற்றைக் கேட்டுவர வரும் ஞாயிறன்று அத்திமாஞ்சேரிப்பேட்டைக்குப் போவதாகவும் சொல்லியிருக்கிறாள்.